நடுவில் நிற்கத் தெரியாத வெர்ன்

எங்கள் டாலிவர் பள்ளிக்கூட ஃபுட்பால் அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். ஒஹாயோ மாநிலத்தில் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் சிங்கம், கழுகு, சூறாவளி என்று பெயர் வைத்துக்கொண்டு திரியும்போது, எங்கள் பெரியவர்கள் மட்டும் அந்தக் காலத்தில் கால்வாயில் படகு இழுத்த பிராணியை நன்றி மறக்காமல் தேர்ந்தெடுத்தார்கள். கோவேறு கழுதைக்கு வாரிசு பிறக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு நல்ல குவார்ட்டர்பேக் போனதும் அடுத்தவன் எங்களுக்கு அமையாமலே போவதற்கு அதுதான் காரணம் என்று நம்புகிற ஒரு கட்சி இன்றைக்கும் ஊரில் உண்டு. மற்றக் கட்சிக்காரர்கள் அதற்கு வெர்ன் ஹாஸ்டெட்லர்தான் காரணம் என்பார்கள்.

காலால் தொடுவது அபூர்வம் என்றாலும் எங்கள் ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்றுதான் பெயர். வரிசையின் நடுவில் ஒருவன் குனிந்து நின்று, பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் தருவான். அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் அதை வாங்கி, எறிவதா, இன்னொருவன் கையில் திணிப்பதா என்று ஒரே மூச்சில் முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் மாட்டுக்கொட்டகைக் கதவு அகலத்தில் நாலைந்து பையன்கள் வந்து அவனுக்காக முடிவெடுத்துவிடுவார்கள்.

பள்ளியில் படித்தபோது வெர்னும் குவார்ட்டர்பேக்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குவார்ட்டர்பேக். எல்லோருக்கும் அடிபட்டுத் தீர்ந்த ஒரு மாலையில் அவரைக் களத்துக்குள் அனுப்பினார்கள். வெர்ன் நிமிர்ந்த நெஞ்சோடு நடந்துபோய், நடுவில் நிற்பவனுக்குப் பின்னால் நிற்காமல் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குப் பின்னால் போய்க் கையை ஏந்திக்கொண்டு நின்றார். நடுவில் இருந்தவன் வழக்கப்படி பந்தைப் பின்னால் தந்தான். அங்கே ஆளில்லை. எதிரணிப் பையன் ஒருவன் தேங்க்ஸ் சொல்லாத குறையாக அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் எல்லையைத் தாண்டினான். யாருக்குப் பின்னால் வெர்ன் கையேந்தி நின்றாரோ, அந்தக் குண்டுப் பையன் திரும்பிப் பார்த்து, "என்னடா வேணும் உனக்கு?" என்று கேட்டானாம்.

அன்றிலிருந்து அவர் பெயர் 'பக்கத்து வீடு.'

பிறகு அவர் காஸ் லாரி ஓட்டினார். பண்ணை பண்ணையாகப் போய் டாங்கில் காஸ் நிரப்புகிற வேலை. ஒரு தடவை உண்மையாகவே பக்கத்து வீட்டு டாங்கில் நிரப்பித் தொலைத்தார். அவர் கல்யாணத்தில் பாதிரியாரே, "மாப்பிள்ளை சரியான பொண்ணு பக்கத்துலதான் நிக்கிறாரான்னு ஒரு தடவை பாத்துக்கிட்டு ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பைபிளைத் திறந்தார். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் வெர்ன். புதிதாக யார் ஊருக்கு வந்தாலும், மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே அந்தக் கதையை நடித்துக் காட்டிவிடுவார். கையை ஏந்திக்கொண்டு, அசட்டு முழி முழித்து, குண்டுப் பையன் குரலில் "என்னடா வேணும்?" வரைக்கும். மனிதர் நன்றாகவே நடிப்பார்.

வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் அவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. பந்து நிற்கிற இடத்தைக் காட்டுவதற்காகக் கோட்டோரம் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள்தான் அதைச் செய்வார்கள். ஆனால் தடியைப் பிடித்திருக்கிறவரை அவர் எந்த ஊர்க்காரரும் கிடையாது. கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. ஊரிலேயே அதிகம் பேசுகிற மனிதருக்கு வாயைத் திறக்கக் கூடாத வேலையைக் கொடுத்தது யார் யோசனையோ, அவருக்குச் சிலை வைக்கலாம்.

வெள்ளிக்கிழமை அடைத்து வைப்பதையெல்லாம் மற்ற நாட்களில் வெர்ன் டார்லீனின் பெட்ரோல் பங்கில் கொட்டித் தீர்ப்பார். அங்கே டோனட் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. காலையில் அதைச் சுற்றி உட்காருகிறவர்களில் ஒருவர்கூட ஒழுங்காக ஒரு பந்தைப் பிடித்தவர் இல்லை. இருந்தாலும் யாரை ஆடவிடுவது என்பதை அந்த மேஜைதான் முடிவு செய்யும். கோச் லுண்டி அதைக் கண்டால் பயப்படுவார். காபியை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டியபடியே வெளியேறிவிடுவார். ஆனால் காது மட்டும் மேஜைப் பக்கமே இருக்கும்.

இப்படியிருக்கையில்தான் பள்ளி விழா ஊர்வலம் வந்தது. வைக்கோல் வண்டியின் மேல் அணிப் பையன்கள் நின்றுகொண்டு தெருவோரக் குழந்தைகளுக்கு மிட்டாய் எறிவது வழக்கம். எங்கள் குவார்ட்டர்பேக், கடைசி வருடப் பையன், மிட்டாயை எறிவதிலும் தன் திறமையைக் காட்ட ஆசைப்பட்டான். பின்னுக்குச் சாய்ந்து, தூரத்தில் வங்கி வாசலில் நின்ற ஒரு பெண்ணைக் குறிவைத்து ஒரு சாக்லேட்டை வீசினான். சாக்லேட் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பையன்தான் வண்டியில் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஊருக்கே வாய்த்த ஒரே குவார்ட்டர்பேக்கை மிட்டாய்க்குப் பலி கொடுத்த பெருமை டாலிவரைத் தவிர வேறு எந்த ஊருக்கும் கிடையாது.

மிச்சம் இருந்தது இரண்டே வழி. எப்போதும் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற டக்கர் என்கிற முரட்டுப் பையனைக் குவார்ட்டர்பேக் ஆக்குவது. இல்லாவிட்டால் இதுவரை ஒரு நிமிடம்கூட ஆட்டத்தில் இறங்காத புதுப் பையனை இறக்குவது. அந்தப் புதுப் பையன் எம்மெட். வெர்னின் மகன்.

மறுநாள் காலை மேஜையில் இடமில்லை.

"உன் பையன் கை நல்ல கைடா வெர்ன்" என்று ஆரம்பித்தார் ராய்ஸ். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது பழக்கதோஷத்தால் இன்றைக்கும் அவருக்குத் தெரிந்துவிடும். "ஷெட்டு மேல காத்து திசை காட்டிட்டு நின்ன தகரச் சேவலை அவன்தானே எறிஞ்சு கழட்டினான்?"

"சேவல் திருப்பி அடிக்காது" என்றார் வெர்ன்.

"எறக்கிப் பாக்கலாமேப்பா."

"வேண்டாம். அவன் ரெடி இல்ல. பெத்தவன் நானே சொல்றேன்."

டார்லீன் காபியை ஊற்றிக்கொண்டே, "ஊர்ல எல்லா அப்பனும் எம்பையன் புலி எம்பையன் சிங்கம்னு வந்து நிப்பான். நீ என்ன இப்படி?" என்றாள்.

"நாங்க கழுதை பரம்பரை. உள்ளதைச் சொன்னேன். போன வருஷம் வரைக்கும் அவன் ஷூ லேஸை அவங்க அம்மா கட்டிவிட்டா. பந்தைக் கொடுத்தா வாங்குவான், அதை யார்கிட்ட கொடுக்கணும்னு வீட்டுக்கு வந்து யோசிப்பான். இன்னும் ஒரு வருஷம் பெஞ்சுல ஊறட்டும். அவசரப்பட்டு எறக்கினா என்ன ஆகும்னு..." என்று எழுந்து நின்று, கையை ஏந்தி, அந்த முழி முழித்தார். "...என்னைப் பாருங்க!"

மேஜை குலுங்கிச் சிரித்தது. டார்லீனுக்குக் காபி சிந்திவிட்டது. கோச் லுண்டி சர்க்கரைப் பொட்டலத்தை ரொம்ப நேரமாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

இதையே வெர்ன் அந்த வாரம் முழுக்கச் சொன்னார். காஸ் நிரப்பப் போன இடங்களில் சொன்னார், முடிவெட்டிக்கொண்டே சொன்னார், சர்ச் வாசலில் சொன்னார். தன் மகன் லாயக்கில்லை என்று வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்த ஒரே தகப்பன் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். ஏன் சொன்னார் என்று கேட்டால் அவரே இரண்டு தடவை தலையைச் சொறிவார். பையன் தப்பு செய்தால் ஊர் அவனுக்கு ஒரு பெயர் வைக்கும். எங்கள் ஊர் வைக்கிற பெயர் கல்லறையில் எழுதுகிற வரைக்கும் ஆளை விட்டுப் போகாது. தன் பெயரை அவர் சுமந்துவிட்டார். பையன் முதுகில் ஒன்று ஏறுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், 'ஷூ லேஸ்' என்று உளறிக்கொண்டு திரிந்தார்.

சொன்னது வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? இரவுச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கு மசியலின் மேல் கோழி நூடுல்ஸை ஊற்றிக்கொண்டே எம்மெட் கேட்டான்.

"நான் ரெடி இல்லையாமே?"

"யாருடா சொன்னது?"

"நீங்கதான். ராய்ஸ் மாமா சொன்னாரு, டார்லீன் அக்கா சொன்னாங்க, முடி வெட்றவரும் சொன்னாரு."

வெர்ன் நூடுல்ஸை மென்றார். மெல்ல வேண்டிய அவசியமே இல்லாத நூடுல்ஸ் அது. மனைவி மார்வெட்டா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நல்லா மெல்லு. ஊர்லதான் வாய் கிழியும், வீட்டுல பல்லுக்கு மட்டும்தான் வேலை" என்றாள். எம்மெட் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று வெர்னுக்கு இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வெர்ன் லாரியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வீட்டுப் பின்பக்கம் நடந்தார். வேலிக்கு இந்தப்புறமே நின்றுவிட்டார்.

புல்தரையில் இரண்டு குப்பைத்தொட்டிகள். நடுவில் மார்வெட்டா, ஆஸ்பத்திரி வேலைக்குப் போட்டுப்போன நீல உடுப்போடு, குனிந்து பந்தின் மேல் கை வைத்து நிற்கிறாள். எம்மெட் சற்றுத் தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டு தட்டாமாலை சுற்றுகிறான். நின்று, கண் திறந்து, தள்ளாடிக்கொண்டே வந்து அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறான்.

"சரியா நிக்கிறேனாம்மா?"

"டேய், எனக்கும் குப்பைத்தொட்டிக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நீ ஆடவே வேண்டாம். எனக்கு இடுப்பு போகுது."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"சரியாத்தானேடா நின்ன?"

"இங்க நிப்பேன். தூக்கத்துல ஒவ்வொரு தடவையும் பக்கத்து ஆளுக்குப் பின்னாடிதான் போய் நிக்கிறேன். கையை ஏந்திக்கிட்டு." அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்பனிடம் கற்றுக்கொண்ட சிரிப்பு. "எறியறதுக்கு எனக்குப் பயமே இல்லம்மா. நிக்கறதுக்குத்தான். ரத்தத்துலயே இருக்குமோ?"

முப்பது வருடமாக ஊரைச் சிரிக்க வைத்த கதை தன் வீட்டுப் பையனுக்குள் என்ன வேலை பார்த்திருக்கிறது என்பது வேலிக்கு இந்தப்புறம் நின்ற மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"வந்துட்டாரு ஊர் வாய்" என்று மார்வெட்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெர்ன் போய் அவள் இடத்தில் குனிந்தார். முழங்கால் இரண்டும் சத்தமாகச் சொடக்குப் போட்டன. பந்தைப் பின்னால் கொடுத்தார். எம்மெட் வாங்கினான். மறுபடி கொடுத்தார்.

"அது என் கதைடா" என்றார் தரையைப் பார்த்தபடியே. குனிந்து நிற்கும்போது மகன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. "சிரிக்கறதுக்கு வெச்சிருக்கேன். நீ பயப்படறதுக்கு இல்ல."

"நீங்க அதை நடிக்கும்போது எல்லாரும் உங்க கையைப் பாப்பாங்க. நான் காதைப் பாப்பேன்."

"காதையா?"

"சிவந்துரும்ப்பா. ஒவ்வொரு தடவையும்."

வெர்ன் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னார்.

மறுநாள் காலை அவர் மேஜைக்கு ஓடினார். உட்காரக்கூட இல்லை. "கேட்டுக்குங்க. எம்மெட் ரெடி. எறக்கலாம்."

ராய்ஸ் டோனட்டைக் கீழே வைத்தார். "நேத்து வரைக்கும் ஷூ லேஸ் கட்டத் தெரியாதவன் ஒரே ராத்திரில கத்துக்கிட்டானா?"

"மார்வெட்டா சோறு போடமாட்டேன்னுட்டாளா?" என்றாள் டார்லீன்.

"நான் சொன்னது தப்புய்யா!"

"எது தப்பு? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா? ரெண்டுல எதுக்குப் பின்னாடி நிக்கிறதுன்னு இப்பவும் தெரியலையே உனக்கு!" என்றார் ராய்ஸ்.

சிரிப்பு அடங்குவதற்குள், காபி வாங்க வந்து முதுகைக் காட்டி நின்ற கோச் லுண்டி திரும்பினார். மேஜையைப் பார்த்து அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "வெர்ன், டக்கர்தான்னு நேத்தே சொல்லியாச்சு. பெத்த அப்பனே வேண்டாம்கிறப்ப நான் எப்படிய்யா எறக்குவேன்?" காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் டக்கர் குவார்ட்டர்பேக்காக ஆடியதைச் சுருக்கமாகச் சொல்வதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை. ஓடச் சொன்னால் சுவரை உடைத்துக்கொண்டு ஓடுவான். எறியச் சொன்னால் சுவரைப் பார்த்தே எறிவான். அவன் எறிந்த பந்து ஒன்று பேண்டுக்காரர்களின் பெரிய டிரம்மில் போய் விழுந்தது. இடைவேளை வரை எங்கள் பக்கம் கேட்ட ஒரே நல்ல சத்தம் அதுதான்.

இடைவேளைக்குப் பிறகு கோச் டக்கரை அவன் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டு, எம்மெட்டைக் கூப்பிட்டுத் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விட்டார்.

வெர்ன் கோட்டோரம் தடியோடு நின்றிருந்தார். அவருக்கு எதிரே பந்து. பையன்கள் வட்டமாகக் கூடிக் குசுகுசுத்தார்கள். வட்டத்திலிருந்து ஒரு கனைப்புச் சிரிப்புகூடக் கேட்டது. வட்டம் கலைந்தது. எம்மெட் நடந்து வந்தான். அப்பா நிற்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்து, கவசத்தின் மேலேயே காது இருக்கும் இடத்தை ஒரு தடவை தொட்டான். பிறகு நேராகப் போய், நடுவில் குனிந்திருந்தவனுக்குப் பக்கத்து ஆளுக்குப் பின்னால் நின்று, கையை ஏந்தினான்.

அடுத்த கணம், ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதிரணிப் பையன்களும் விரலை நீட்டிச் சிரித்தார்கள்.

வெர்னுக்குத் தடியும் நினைவில்லை, தடி பிடிக்கிறவன் எந்த ஊர்க்காரனும் இல்லை என்பதும் நினைவில்லை. தடியை வீசிவிட்டு, தொப்பை குலுங்கக் களத்துக்குள்ளேயே ஓடினார்.

"நடுவுலடா! எம்மெட்! நடுவுல போடா! பக்கத்துல இல்லடா!"

நடுவில் இருந்தவன் பந்தைப் பின்னால் தந்தான். அது காலியிடத்துக்குப் போகவில்லை. பின்னால் தயாராக நின்ற டக்கரின் கைக்குப் போனது. சிரித்துக்கொண்டிருந்த எதிரணி திரும்புவதற்குள் டக்கர் கோட்டோரமாகத் தறிகெட்டு ஓட ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு முன்னால் எதிரணி ஆளே இல்லை. தன் சாமர்த்தியத்தை ரசித்துத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். அவனுக்கு முன்னால் ஒரே ஒருவர் மட்டும் இருந்தார்.

முட்டிக்கொண்ட சத்தம் டார்லீனின் பெட்ரோல் பங்க் வரைக்கும் கேட்டதாக ராய்ஸ் சொல்வார். அதை நம்ப வேண்டாம். ஆனால் டக்கரை அந்த வருடம் தனியாளாக வீழ்த்தியது வெர்ன் ஒருவர்தான் என்பது நிஜம். அவர் மேலேயே விழுந்து கிடந்த டக்கர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்: "மிஸ்டர் ஹாஸ்டெட்லர், நீங்க எந்தக் கட்சி?"

எம்மெட் ஓடி வந்து குனிந்தான். "அப்பா! அடி பட்டுச்சா? அது வேணும்னே செஞ்சதுப்பா! உங்க ஆட்டத்தையே தந்திரமாக்கினோம். காதைத் தொட்டுக் காட்டினேனே!"

"காது அரிக்குதுன்னு நெனச்சேன்டா" என்றார் வெர்ன், மல்லாந்தபடியே.

நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். தடி பிடிக்கிறவர் ஆட்டக்காரனை வீழ்த்தினால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அந்த ஓட்டம் செல்லாது, மறுபடி ஆடுங்கள் என்றார்கள். வெர்னை வெளியேற்றினார்கள். தடி ராய்ஸ் கைக்குப் போனது. கோச் லுண்டி சிவந்த முகத்தோடு எம்மெட்டைப் பார்த்து, "இதை யார்டா ஆடச் சொன்னது?" என்று கத்தினார். ஆனால் அவனை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி டிரம்தான்.

வெர்ன் பாப்கார்ன் கடைக்குப் பக்கத்தில், கம்பிவேலியில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்று மீதி ஆட்டத்தைப் பார்த்தார். அடுத்த தடவை எம்மெட் நடந்து வந்து நடுவில் நின்றான். சரியாக நடுவில். பந்து கைக்கு வந்தது. அதற்கப்புறம் அவன் என்ன செய்தான் என்பதை அவர் கவனிக்கவே இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

ஆறு புள்ளியில் தோற்றோம். டக்கர் அந்த ஓட்டத்தை ஓடி முடித்திருந்தால் ஆறு புள்ளி கிடைத்திருக்கும், தோற்றிருக்க மாட்டோம். எந்த ஆறு என்று ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை மேஜையில் மறுபடி இடமில்லை. எம்மெட் பந்தை எறிந்து ஒரு தடவை எல்லையைத் தாண்ட வைத்திருந்தான். இரண்டு தடவை எதிரணிக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தும் இருந்தான். வேறொரு சனிக்கிழமையாக இருந்தால் அந்த இரண்டையும் வைத்துப் பையனை உரித்திருப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் அது நினைவுக்கே வரவில்லை.

"வெர்னை அவசரப்பட்டுத் தடி பிடிக்க விட்டதுதான் தப்பு" என்றார் ராய்ஸ். "நெருக்கடியைத் தாங்கற பக்குவம் வரலை."

"வேகம் இருக்கு" என்றாள் டார்லீன். "அதை ஒத்துக்கணும். அந்தத் தொப்பையோட நான் எதிர்பாக்கல."

"வேகம் இருந்து என்ன? எங்க நிக்கணும்னு தெரியலையே!"

"ஆனா நல்லா மோதறான்ப்பா. ஆள் பத்தாதப்ப வெச்சுக்கலாம்."

வெர்ன் விலாவில் ஐஸ் மூட்டையை அழுத்திக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபி வாங்கிக்கொண்டு வெளியே போன கோச் லுண்டி, கதவருகில் சாக்லேட் பாலோடு நின்ற எம்மெட்டிடம், "அடுத்த வாரமும் நீதான். ஆனா நான் சொன்னதை மட்டும் ஆடு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அதைக்கூட மேஜை கவனிக்கவில்லை. அவ்வளவு மும்முரம்.

"நீ சொல்லுடா எம்மெட்" என்று ராய்ஸ் கூப்பிட்டார். "பெத்த பையன் நீ. உங்கப்பன் கைல தடியைக் கொடுக்கலாமா, வேண்டாமா?"

எம்மெட் பாலை ஒரு மிடறு குடித்தான். யோசிப்பதுபோல மோவாயைத் தடவினான்.

"அவரு ரெடி இல்ல. இன்னும் ஒரு வருஷம் பெஞ்சுல ஊறட்டும்."

மேஜை ஆர்ப்பரித்தது. யாரோ வெர்னை டோனட்டால் அடித்தார்கள். வெர்ன் விலாவைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்க எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். எம்மெட் மட்டும் பழக்கப்படி அப்பாவின் காதைப் பார்த்தான். சிவக்கவில்லை. இடது காதில் கொஞ்சம் டோனட் சர்க்கரைதான் ஒட்டியிருந்தது. அவன் கிட்டே போய் அதைத் தட்டிவிட்டான்.